கல்லில் இருந்த தமிழ் கல்வியில் இல்லை!
(எண்ணாயிரம், பிரமதேசம் கோயில்கள் குறித்த பொழிவு)



விழுப்புரம் மாவட்டத்தில் பிரமதேசம் என்றோர் ஊர் உள்ளது. அதனையடுத்து எண்ணாயிரம் என்று மற்றோர் ஊர் உள்ளது. இன்று இவை இரண்டும் வயல்களுக்கிடையே அமைந்த சிற்றூர்கள். ஆயிரம் ஆண்டுகட்கு முன்போ, எண்ணாயிரம் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்ற பேரூர். தன்னைத் தானே ஆண்டுகொண்ட 'தனியூர்' என்னும் தகுதியுடையது. பிரமதேசத்திலே பாதாளீசுவரர் கோயில், பிரமபுரீசுவரர் கோயில் என இரு சோழர் காலக் கற்றளிகள் நிற்கின்றன. எண்ணாயிரத்திலே இராசராச விண்ணகர் என்று கல்வெட்டுகள் கூறும் பெருமாள் கோயில் நிற்கின்றது.

இக் கட்டடங்களைக் காண்பார் பலரும் 'பழைய கோயில்' என்ற அளவோடு அமைந்துவிடுகின்றனர். கோயில் என்பது அக்காலத்தில் வழிபாட்டுக்கு மட்டும் உரிய இடமாக இருந்ததில்லை. அதுவே ஊரவை கூடும் மன்றம்; அதுவே நெற்களஞ்சியம்; அதுவே பொன் காக்கும் பண்டாரம்; அதுவே ஆவணக் களரி. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திரன் காலத்தில், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையே இருந்தது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து திரட்டுவார், நோயாளரைப் பேணும் பெண்டிர் என அனைவர்க்கும் அங்கே நெல் அளக்கப்பெற்றது. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கோயிலிலோ, திருப்பதிகம் பாடக் கண்ணிலார் பதினாறு பேரும், அவர்களுக்கு வழிகாட்ட இருவரும் அமர்த்தப்பெற்றிருந்தனர். ஒரே கற்கூரையின் கீழ் ஓர் ஊரின் வாழ்வு முழுவதும் இயங்கியது என்க.

எண்ணாயிரத்துக் கோயிலோ கல்லூரியாகவும் விளங்கியது. முதலாம் இராசேந்திரன் (1012-1044) காலத்துக் கல்வெட்டொன்று அதனை விரிவாகக் கூறுகின்றது. தொல்லியலார் அதனைப் படியெடுத்தது 1917-ஆம் ஆண்டில். அக் கல்லூரியில் இளநிலை மாணவர் 270 பேர். முதுநிலை மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இதற்கென ஒதுக்கிய நிலம் 45 வேலி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 300 ஏக்கர். இளநிலை மாணவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்; முதுநிலை மாணவர்க்குக் குறுணி இருநாழி, அதாவது பத்து நாழி. கூட்டிப் பார்த்தால், மாணவர்க்கு மட்டும் ஒரு நாளைக்கு 2,320 நாழி. கலத்திற்கு 96 நாழி வீதம் 24 கலத்திற்கும் மேல்! கற்பாரைப் பசியாது காத்த அந்த ஏற்பாடு எந்நாட்டார்க்கும் வியப்பளிப்பதே. அதில் ஐயமில்லை.

இனி, அங்கே என்ன கற்பித்தனர்? இளநிலையில் இருக்கு மறைக்கு 75 பேர், யசுர் மறைக்கு 75 பேர், வாசசனேயத்திற்கு 20 பேர், சாமத்தின் இரு கிளைகட்கு 40 பேர், அதர்வத்திற்கு 10 பேர், போதாயனத்திற்கு 10 பேர், உரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கண நூலுக்கு 40 பேர். முதுநிலையில் வடமொழி இலக்கணத்திற்கு 25 பேர், பிரபாகர மீமாஞ்சைக்கு 35 பேர், வேதாந்தத்திற்கு 10 பேர். கணக்கு முடிந்தது. மீண்டும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். 340 பேரில் தொல்காப்பியம் கற்க ஒருவரில்லை. திருக்குறள் கற்க ஒருவரில்லை. தமிழ் இலக்கணம் சொல்லித்தர ஓர் ஆசிரியரில்லை!

தமிழ் அவ்வளாகத்தில் அறவே இல்லையோ எனின், இருந்தது. திருவாய்மொழி ஓதுவார்க்கு அங்கே நெல் ஒதுக்கப்பெற்றிருந்தது. அஃதன்றி, அக் கல்லூரியின் ஒழுங்குகளைக் கூறும் அந்தக் கல்வெட்டே தமிழில்தான் உள்ளது. நிலத்தை அளந்தது தமிழில். நெல்லைக் கணக்கிட்டது தமிழில். நாழி, குறுணி, கலம் என்பன தமிழில். உழுதவன் பேசியது தமிழ். ஆண்டவன் தாய்மொழி தமிழ். பாடுதற்கும் பதிவதற்கும் தமிழ் வேண்டியிருந்தது; உயர்கல்விக்கு மட்டும் அது வேண்டாததாயிற்று. உண்மையான இழப்பு இதுவே.

அது நான்மறையாளர் குடியிருப்பு. அவர்க்கு வேண்டிய கல்வி அங்கே தரப்பெற்றது. அதில் என்ன பிழை என்று சிலர் கேட்பர். கேள்வி பொருந்துவதே. ஓர் ஊர் மட்டும் அவ்வாறு இருந்திருப்பின் அவ்விடை போதும். ஆனால், புதுவையைச் சேர்ந்த திருபுவனையிலும் 1048-இல் 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்தது. அதுவும் வடமொழிக் கல்லூரியே. இவற்றுக்கு இணையாக 45 வேலி நிலமும் 14 ஆசிரியரும் கொண்டு தமிழிலக்கணம் கற்பித்த சோழர் கல்லூரியைக் காட்டும் கல்வெட்டு யாது? அதனைக் காட்டுதல் அரிது. அரசின் பெருங்கொடை எப்பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின், தமிழிலக்கணத்தைக் காத்தவர் யார்? வீரராசேந்திரன் காலத்தில் வீரசோழியம் செய்தவர் புத்த நெறியினரான புத்தமித்திரர். பின்னர் நன்னூல் செய்தவர் சமண முனிவரான பவணந்தியார். அவரைப் புரந்தவன் சீயகங்கன் என்னும் குறுநில மன்னன். எண்ணாயிரத்துக் குன்றிலும் சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. திண்டிவனம், செஞ்சிப் பகுதியிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் திருமடம் இன்றும் இயங்குகின்றது. பெருநிலக் கொடையின்றிக் கல்லில் படுத்தோரும் ஓலையில் எழுதினோருமே தமிழைப் பிழைக்க வைத்தனர் என்பதை மறத்தல் கூடாது.

சோழர் ஆட்சி சாய்ந்தது. 1231-இல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். அரசர் அளித்த நெல்லால் நின்ற கல்லூரி, அரசர் மறைந்தபின் மறைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் இப்பகுதிக் கோயில்களின் மதில்கள் கோட்டைச் சுவர்களாயின. சிதம்பரம் கோயிலிலேயே படை தங்கிற்று. மாணவர் குரல் எழுந்த மண்டபங்களில் வௌவால்கள் குடியேறின. பிரமதேசத்துக் கோயில்கள் நடுவணரசின் தொல்லியல் துறைக் காப்பில் வந்தன. மன்றமாய், களஞ்சியமாய், கல்லூரியாய் இருந்த கட்டடம், இறுதியில் காட்சிப் பொருளாயிற்று!

கட்டடத்தின் நிலை இதுவெனின், எழுத்தின் நிலை யாது? தமிழ்நாட்டில் எடுத்த கல்வெட்டுப் படிகள் உதகைக்குச் சென்றன. 1966-இல் அங்கிருந்து மைசூருக்குச் சென்றன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட வேண்டியதாயிற்று. தம் பாட்டன் எழுதிய ஆவணத்தைத் தாம் படிக்க, தமிழர் அறமன்றம் ஏற வேண்டியிருந்தது காண்க.

எனவே, தமிழர் செய்யத்தக்கன சில. பழங்கோயில் இடிந்தது என்று வருந்துவதோடு நில்லாது, அதன் சுவரில் உள்ளதைப் படித்தல் வேண்டும். திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின்மேல் வெள்ளையடிப்பதையும் மணல்வீச்சால் எழுத்தைத் தேய்ப்பதையும் ஊரார் தடுத்து நிறுத்தல் வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளின் மாணவரை ஆண்டுக்கொரு முறையேனும் எண்ணாயிரத்திற்கும் பிரமதேசத்திற்கும் அழைத்துச் சென்று, பழந்தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்பித்தல் வேண்டும்.

இராசேந்திரன் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று பெருமை பேசுவது எளிது. அவன் நாட்டுக் கல்லூரியில் தமிழுக்கு ஓர் இருக்கை இல்லையே என்று கேட்பது கடிது. பெருமையை மட்டும் படிக்கும் இனம் தூங்கும். குறையையும் சேர்த்துப் படிக்கும் இனமே எழும். அன்று 340 பேர் அமர்ந்த கூடத்தில் தமிழ் இலக்கணம் கேட்கப்படவில்லை. இன்று அதே கூடத்தில், தமிழ்ப் பிள்ளைகள் நாற்பதின்மர் நின்று அக் கல்வெட்டை உரக்கப் படிப்பாராயின், ஆயிரம் ஆண்டுக் குறை அன்றே நீங்கத் தொடங்கும்!