கத்தியின் பிடியையும் கவனியுங்கள்

(உத்தமபாளையத்தில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



கத்தி வாங்கும்போது நாம் அலகைத்தான் பார்க்கிறோம். நகத்தில் வைத்துக் கூர் பார்க்கிறோம். தட்டி ஓசை கேட்கிறோம். பிடியை யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு நல்ல அலகானாலும், பிடி வழுக்கினால் கொடியை விட்டுவிட்டுக் கையை அறுக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்தோ அறுவடையோ நடந்துகொண்டே இருக்கிறது. பந்தலுக்கடியில் நின்று, கையை உயர்த்தியபடி நாள் முழுவதும் வேலை. உள்ளங்கை வியர்க்கும்; வெட்டுவாயில் வடியும் கொடிநீரும் கையில் சொட்டும். எனவே நனைந்த கைக்கு எந்தப் பிடி நிற்கும் என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

மரப்பிடியே இன்றும் நல்லது என்பது என் கருத்து. மரம் சிறிதளவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் கைக்கும் பிடிக்கும் இடையே நீர்ப்படலம் எளிதில் நிற்காது. ஆனால் கடையில் பளபளவென்று வார்னிஷ் பூசி விற்கிறார்கள். அந்தப் பூச்சு மரத்தின் துளைகளை அடைத்துவிடுகிறது. உலர்ந்த கையில் நன்றாகத்தான் இருக்கும். வியர்த்ததும் வழுக்கும், உள்ளங்கையும் கொப்பளிக்கும். ஆகவே புதுக் கத்தியின் வார்னிஷை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பூச்சே இல்லாத மரமும் ஆகாது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கி, நாளடைவில் வெடிக்கும். இதற்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் உலர்வதில்லை, பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றுப்பட்டு மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். இதுபோல் மூன்று முறை செய்தால் போதும். ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்துவிட்டு, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

பிளாஸ்டிக் பிடி உளுக்காது, உப்பாது. ஆனால் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை பெறும். வழவழப்பாக இருந்தால் வாங்காதீர்கள். ரப்பர் உறை உலர்ந்த கையில் மிக நன்றாகப் பிடிக்கும். ஈரத்தில் பிடிக்க வேண்டுமானால் டயரில் இருப்பதுபோல் வரிப்பள்ளம் வேண்டும். நீர் விலகிச் செல்ல வழி இருந்தால்தான் பிடிமானம் உண்டு. டீசலும் எண்ணெயும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

பலர் பழைய சைக்கிள் டியூபைப் பிடியில் இறுக்கிச் சுற்றுகிறார்கள். செலவில்லாத நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே புகும் நீர் வெளியேறாது. மரம் உளுத்து, பிடிக்குள் இருக்கும் இரும்பும் துருவேறும். மாதம் ஒருமுறை அவிழ்த்து, உலரவைத்துச் சுற்றுங்கள். துணியோ கயிறோ சுற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பூச்சி மருந்து பட்ட கையால் தொட்டால் சுற்று அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மறுநாள் வெறுங்கையோடு அதே பிடியைத்தான் பிடிக்கிறோம். நஞ்சு தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும்.

போர்டோ கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்கப் பளபளப்பான கத்தியை நனைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அலகில் செம்பு நிறம் படிந்தால் மயில்துத்தம் மிஞ்சியிருக்கிறது, சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். அதே மயில்துத்தம் அலகும் பிடியும் சேரும் இடுக்கில் தங்கினால் இரும்பை அரித்துவிடும். கத்தி ஆடத் தொடங்குவது அங்கிருந்துதான். சோதித்தவுடன் கழுவித் துடையுங்கள். அந்த இடுக்கில் சிறிது எண்ணெயும் விடலாம்.

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பிரான்சு நாட்டில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினெல் கத்தி உலகப் புகழ் பெற்றது. அதன் மரப்பிடியும் ஊறினால் உப்பி, அலகைத் திறக்கவிடாது. நம் ஊர்க் கத்திக்கும் இதே கதிதான். அப்படி இறுகினால் அடுப்பில் காட்டாமல் நிழலில் உலர்த்துங்கள். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் குத்தவோ நெம்பவோ வேண்டாம். அலகு விரல்மேல் மடங்கிவிடும்.

வாங்கும்போது பிடி முழு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் அலகு கைக்குள் திரும்பாது. நான்கு விரலும் அடங்கி, முனை உள்ளங்கைக் குழியில் குத்தாத நீளம் வேண்டும். பெண்கள் வேலை செய்யும் தோட்டமானால் அவர்கள் கையில் கொடுத்தே பார்த்து வாங்குங்கள். அலகை மடக்கி அல்லது உறையிலிட்டு, கையை நனைத்துப் பிடித்துக்கொண்டு மற்றவரை இழுக்கச் சொல்லுங்கள். நழுவினால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிடியின் அடியில் மட்டும் சிவப்பு பெயின்ட் ஒரு வளையம் பூசிவைத்தால், சருகுக்குள் விழுந்தாலும் கண்ணில் படும்.