முளைவிட்ட கோதுமை

(நமது சங்கத்தின் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பாடமாக வரும் கடினமான நாவலை எப்படி ரஸிப்பது என்று பேசச் சொன்னார்கள். பொதுப்படையாகப் பேசினால் உபந்யாசமாகிவிடும். ஆகவே ஒரே ஒரு புஸ்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். தாமஸ் ஹார்டியின் 'தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்'. 1886-ல் லண்டனில் 'தி கிராஃபிக்' என்ற வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. அதற்கு 80 வருஷம் கழித்து, டில்லியில் ஹையர் செகண்டரி படித்த எங்கள் வகுப்புக்குப் பாடமாக வாய்த்தது. 45 அத்தியாயங்கள், பொடி எழுத்து. கிராமத்து ஜனங்கள் பேசும் டார்செட் வட்டாரப் பேச்சுக்கு எங்களிடம் இருந்த அகராதியில் அர்த்தம் கிடைக்காது. கைடில் 'விதியா, குணமா?' என்று ஒரு கட்டுரை இருந்தது. அதை உருப்போட்டு எல்லோரும் பாஸ் செய்தோம்.

முதல் அத்தியாயத்திலேயே ஹென்சர்ட் என்ற வைக்கோல் கட்டும் கூலியாள், சந்தையில் ரம் கலந்த கோதுமைப் பால்கஞ்சியைக் குடித்துவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றுவிடுகிறான். "இதையா குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது?" என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஹரிச்சந்திரன் காசியில் சந்திரமதியை விற்ற கதையைப் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு கேட்டவர்கள் நாம். அவன் சத்தியத்துக்காக விற்றான், இவன் போதையில் விற்றான். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் மறுநாள் காலை போதை தெளிந்ததும் ஹென்சர்ட் ஒரு சர்ச்சுக்குப் போய்ச் சத்தியம் செய்கிறான். அப்போது அவனுக்கு வயது 21. இன்னும் 21 வருஷம் மதுவைத் தொடமாட்டேன் என்கிறான். அந்தக் கெடு முடியும்வரை தொடவில்லை. பிற்பாடு தானிய வியாபாரியாகி, ஊருக்கே மேயராகிறான். கதை நிஜமாகச் சூடுபிடிப்பது அங்கேதான்.

நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, சர்க்கார் உணவுத் துறையில் பல வருஷம் கோதுமையோடு மாரடித்தவன். உத்தியோகத்தில் சேர்ந்து சில வருஷங்கள் கழித்து இந்தப் புஸ்தகத்தை மறுபடி பிரித்தேன். மேயர் பெரிய மனிதர்களோடு ஹோட்டலில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே ஜனங்கள், "எங்களுக்கு நல்ல ரொட்டி எங்கே?" என்று முணுமுணுக்கிறார்கள். அவர் விற்ற கோதுமை முளைவிட்டது. அந்தப் பக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏப்ரலில் கதிர் முற்றிய நேரத்தில் மழை பெய்தால் மண்டியில் என்ன அமர்க்களம் நடக்கும் என்பது பஞ்சாப், ஹரியானா பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் பிடித்தம், 14-ஐத் தாண்டினால் கொள்முதலே கிடையாது. நனைந்த மணி முளைக்க ஆரம்பித்தால் அதில் அமைலேஸ் என்ற நொதி கிளம்பி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அந்த மாவில் ரொட்டி போட்டால் உள்ளே பிசுபிசுவென்று களிமாதிரி இருக்கும்.

வழிப்போக்கனாக வந்த ஃபார்ஃப்ரே என்ற ஸ்காட்லாந்து இளைஞன் அதைச் சீராக்க ஒரு வழி சொல்கிறான். என்ன வழி என்று ஹார்டி விவரிக்கவில்லை. ஆனால் முழுக்கப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, இயற்கை அவ்வளவுக்கு இடம் கொடுக்காது என்று அந்த இளைஞனே ஒப்புக்கொள்கிறான். கெமிஸ்ட்ரியும் அதையேதான் சொல்கிறது. விற்ற மனைவி திரும்பி வருகிறாள், ஹென்சர்ட் மறுபடி அவளைக் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்கிறான். அந்தக் கோதுமையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தால், கைடில் இருந்த 'விதியா, குணமா' கட்டுரை தேவைப்படாது.

இன்னொரு விஷயம். 1846-ல் தானியச் சட்டங்கள் ரத்தாவதற்கு முன்பு இங்கிலாந்தில் வெளிநாட்டுக் கோதுமை சுலபமாக உள்ளே வர முடியாது. உள்ளூர் வானிலைதான் விலையை நிர்ணயித்தது. இது தெரியாமல் கதையில் பாதி புரியாது. 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்து, அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 கோதுமை கப்பலில் வந்ததும், ரேஷன் கடையில் பையோடு நின்றதும் இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வகுப்பில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் விளங்கியிருக்கும். ஹென்சர்ட் ராத்திரியில் முகத்தை மூடிக்கொண்டு ஒரு மழை ஜோஸியரிடம் போகிறான். (நாம் மேகாதிபதி, தான்யாதிபதி பார்ப்பதில்லையா!) அறுவடையில் மழை கொட்டும் என்கிறார் அவர். இவன் கண்டபடி வாங்கிக் குவிக்கிறான். வெயில் அடிக்கிறது, விலை சரிகிறது, நஷ்டத்துக்கு விற்றுத் தீர்க்கிறான். விற்று முடித்ததும் அறுவடை ஆரம்பிக்கிறது, வானம் கறுக்கிறது. ஜோஸியர் பேரில் குற்றமில்லை. காத்திருக்கும் பொறுமைதான் இவனுக்கு இல்லை.

குழந்தைகளே, உங்களுக்கு எந்த நாவல் வந்தாலும் அதில் வரும் தொழிலை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 'சைலஸ் மார்னர்' என்றால் தறி. காதல், தத்துவம் எல்லாம் பின்னால் தானே வரும்.

சர்க்காரில் இருந்தவன் என்ற முறையில் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கஞ்சி விற்ற கிழவி, ஏறக்குறைய 20 வருஷம் கழித்து, ஒரு சில்லறை வழக்கில் கோர்ட்டில் நிற்கிறாள். மாஜிஸ்டிரேட்டாக உட்கார்ந்திருப்பவன் ஹென்சர்ட். "இவன்தான் பெண்டாட்டியை விற்றவன்" என்கிறாள். கட்டுக்கதை என்று குமாஸ்தா அவளை அடக்கப் பார்க்கிறார். இவன் சும்மா இருந்திருந்தால் போதும். ஒரு விஷயத்தை அமுக்க எத்தனை வழிகள் உண்டு என்று ஃபைல் பார்த்த கைகளுக்குத் தெரியும். ஹென்சர்ட் அது உண்மைதான் என்கிறான். இவளைவிட நான் உசத்தியில்லை என்று சொல்லி நாற்காலியைவிட்டு எழுந்து போய்விடுகிறான். அன்றிலிருந்து சரிவுதான்.

கடைசியில் ஒரு பாழடைந்த குடிசையில் சாகிறான். உயில் எழுதி வைத்திருக்கிறான். என் சாவை எலிஸபெத் ஜேனுக்குச் சொல்லி அவளைத் துக்கப்படுத்த வேண்டாம். மணி அடிக்க வேண்டாம், பூச்செடி வைக்க வேண்டாம், யாரும் என்னை நினைக்க வேண்டாம். வருஷா வருஷம் திதி கொடுக்கும் நமக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். கூட இருந்தவன் ஏபல் விட்டில் என்ற கூலியாள் ஒருவன்தான். தாமதமாக வந்தான் என்று முன்பு அவனைக் கால்சட்டைகூடப் போடவிடாமல் வேலைக்கு இழுத்துவந்து அவமானப்படுத்தியவன் ஹென்சர்ட். ஆனால் அவன் அம்மாவுக்குக் குளிர்காலத்தில் கரி அனுப்பியவனும் ஹென்சர்ட்தான். ஏபலுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்த உயில் காகிதத்தை எடுத்துவந்து காட்டுகிறான், அது எலிஸபெத் ஜேனிடமே போய்ச் சேர்கிறது. அவள் படிக்கிறாள். ஹென்சர்ட் எதையும் சொன்ன சொல்லுக்காகச் சொல்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும். அதில் எழுதியிருந்தபடியே செய்கிறாள்.