அலைவாய்ப் பட்டினம் தரங்கம்பாடி



சோழவளநாட்டின் கிழக்குக் கரையில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடி என்னும் சிற்றூர் உள்ளது. தரங்கம் என்பது அலை. ஆதலின், ‘அலை பாடும் ஊர்’ என இப்பெயருக்குப் பொருள் கூறி மகிழ்வோர் பலர். ஆயினும், பாடி என்பது ஊரையுங் குறிக்குஞ் சொல்லாகும். கடலோரத்தே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டு, இவ்விடத்தைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வழங்குகின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. ஐரோப்பியர் வருமுன்னரே இது பட்டினமாய் விளங்கியமைக்கு அப்பெயரே சான்று.

இவ்வூர் டேனியர் கைக்குச் சென்ற வரலாறு இலங்கையோடு தொடர்புடையது. போர்த்துக்கேயருக்கெதிராகத் துணை தேடிய கண்டியரசன் செனரதனை நாடி, ஓவே கெட்டே என்பவரின் தலைமையில் டென்மார்க்கு நாட்டுக் கப்பல்கள் 1618இல் புறப்பட்டன. 1620இல் அவை இலங்கையை அடைந்தபோது, எதிர்பார்த்த உடன்பாடு கைகூடவில்லை. திருகோணமலையிற் கோட்டை எழுப்ப அவர்கள் செய்த முயற்சியும் நிலைக்கவில்லை. அவ்வாண்டிலேயே தஞ்சை இரகுநாத நாயக்கர், தரங்கம்பாடியில் வணிகஞ் செய்யவும் கோட்டை கட்டவும் அவர்களுக்கு இசைவளித்தார். டென்மார்க்கு அரசனுக்கு அவர் விடுத்த தமிழ்ப் பொன்னோலை இன்றுங் கோபன்கேகன் ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றது.

மிளகை விரும்பி வந்தோர் எழுப்பிய கோட்டைக்கு டான்சுபோர்க்கு என்பது பெயர். ஆனால், அவர்தம் வணிகம் தழைக்கவில்லை. 1639க்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் அனுப்பப்பட்டிலது. எஞ்சியிருந்த டேனியர் ஒவ்வொருவராய் மாண்டனர். இறுதியிற் கொங்சுபாக்கே என்னும் ஒருவரே, உள்ளூர் மக்களின் துணைகொண்டு கோட்டையைக் காத்துநின்றார். 1669இலேதான் மறுபடியுங் கப்பல் வந்தது.

பொருளீட்டுதலிற் பின்தங்கிய இவ்வூர், வேறொரு துறையிற் புகழ் பெற்றது. 1706இல் சீகன்பால்கு என்னும் ஜெர்மானிய இளைஞர், டென்மார்க்கு அரசனால் அனுப்பப்பட்ட சமயத் தொண்டராய் வந்திறங்கினார். அவர் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதித் தமிழ் பயின்றார். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் பொருட்டுப் பரிந்து பேசியமையாற் கோட்டைத் தலைவரின் பகைக்கு ஆளாகி, நான்கு திங்கள் சிறையிலும் இருந்தார். சிறையிலிட்டதும் டேனிய அதிகாரமே. அவரை அனுப்பியதும் டேனிய அரசே.

தமிழ் அச்சு 1578இலேயே கொல்லத்தில் தோன்றியதுதான். எனினும், அம்முயற்சி நெடுநாள் தொடரவில்லை. ஜெர்மனியின் ஆல்லே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் 1713இல் தரங்கம்பாடியில் அச்சேறின. 1715இற் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக வெளிவந்தது. தாள் தட்டுப்பாட்டைப் போக்க அயலூராகிய பொறையாற்றிற் காகித ஆலையும் அமைக்கப்பட்டது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு எழுதிய நூலோ, அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. புறச்சமயச் செய்திகளைப் பரப்புவது தொண்டர் பணியன்று என மேலோர் கருதினர். 1719இல் அவர் மறைந்தார். அந்நூல் 1867இலேதான் சென்னையில் வெளிவந்தது.

இவ்விடத்தில் மறக்கலாகாத உண்மையொன்று உண்டு. அவருக்கு எழுத்தறிவித்தவர் தமிழ் ஆசிரியர். அவர்தம் ஐயங்களுக்குக் கடிதவாயிலாக விடையிறுத்தோர் தமிழறிந்த பெருமக்கள். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியில் வெளியாகி, ஐரோப்பியருக்குத் தமிழர் சிந்தனையை அறிவித்தன. நூலின் முகப்பில் ஒருவர் பெயரே நிற்கும். அதன் பின்னாற் பலருடைய உழைப்பு நிற்கும். குடியேற்ற நாட்டு வரலாற்றைப் படிப்போர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1845இல் டேனியர், வங்காளத்துச் சேரம்பூரோடு இவ்வூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். குடிமக்களின் விருப்பத்தை எவரும் வினவினாரல்லர். 1861இல் புகையிரதப் பாதை நாகப்பட்டினத்தை அடைந்தது. வணிகமும் அதன்வழிச் சென்றது. தரங்கம்பாடி அமைதியிற் படிந்தது.

1792இல் அமைந்த நகரவாயிலும், 1718இற் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும், அரும்பொருட்சாலையாய் மாறிய கோட்டையும் இன்றுங் காண்போரைக் கவர்கின்றன. மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியையோ கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி, ஈழத்தின் கீழைக்கரையைச் சூறையாடிய அதே ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குடிகளையும் வாரிச்சென்றது.

கோட்டையைப் புதுக்குதற்குப் பொருள் கிடைக்கின்றது; பயணிகளும் வருகின்றனர். அது நன்றே. ஆனால், அதனினும் பழைய கோயிலின் எஞ்சிய கற்களையும், கரையிற் குடியிருக்கும் மக்களின் வாழ்வையுங் காப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. வந்து சென்றவரின் நினைவுச் சின்னங்களை மட்டும் பேணி, என்றும் இருந்தவரை மறந்துவிட்டால், தரங்கம்பாடியின் வரலாறு பாதியளவே காக்கப்பட்டதாகும்.