கடலுக்கு மேலே ஒரு கணக்கு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "போன் சிக்னல்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இன்று பத்து நிமிடம் தந்துவிட்டார்கள், தப்ப வழியில்லை.

தலைமன்னாரில் நின்றால் சிலவேளை இந்தியக் கோபுரம் நம் போனை வரவேற்கும். தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தானே. கடலையொட்டிய ஈரக்காற்று அலைகளை வளைத்துத் தூரம் கொண்டுபோகும் நாட்களும் உண்டு. ஆனால் படகில் போன அப்பாவுக்கு அம்மா எடுத்தால் பல இரவுகள் கிடைக்காது. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பார். நான் இத்துறைக்கு வந்தது அதனால்தான்.

இத்துறையின் முன்னோடி ஒருவரும் கடலிலிருந்து வந்தவரே. ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தார். இந்தியக் கடற்படையில் இருந்தார். 1971 டிசம்பரில் குக்ரி என்ற போர்க்கப்பலை நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தபின், சோனாரை மேம்படுத்தும் பணி அவரிடம் வந்தது. பல செவிகளை வரிசையாக வைத்து, எந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது சோனார். பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் சென்ற அவர், தோமஸ் கைலாத்துடன் 1992இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே மீடிறனில், ஒரே நேரத்தில், பல அன்ரனாக்களிலிருந்து வெவ்வேறு செய்திகளை அனுப்பலாம் என்பதே அது. 1994இல் உரிமம் கிடைத்தது, 2014இல் மார்க்கோனி பரிசு. இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மைமோ என்பார்கள்.

செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடாதா? கலக்கும். பிரிப்பது நாம் சாதாரணதரத்தில் செய்த ஒருங்கமை சமன்பாடுதான். இரண்டு பென்சிலும் ஒரு கொப்பியும் 110 ரூபா. ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் 90 ரூபா. பென்சில் 20 என்று உடனே சொல்வீர்கள். வாங்கும் அன்ரனா ஒவ்வொன்றும் ஒரு சமன்பாடு தருகிறது. சுவர்களிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறிக்கும் அலைகள்தான் அந்தச் சமன்பாடுகளை வேறுவேறாக்குகின்றன. அதுவரை தெறிப்பு என்றாலே பொறியியலாளருக்குத் தலையிடி. ரீவியில் நிழல் விழுந்த காலம் ஞாபகம் இருக்கும்!

இங்கேதான் நம் சிக்கல். கடலில் சுவர் ஏது? இரண்டு பென்சிலும் இரண்டு கொப்பியும் 180 ரூபா என்று அடுத்த அன்ரனா சொன்னால், புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நகரத்துக்கு அள்ளிக் கொடுக்கும் மைமோ, வெட்டவெளிக் கடலில் கை சுருக்கிக்கொள்ளும். போதாததற்கு, நேராக வரும் அலையும் நீரில் பட்டுவரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். படகு வேறு ஆடும்.

அதற்காக அன்ரனாக்கள் வீணல்ல. வெவ்வேறு உயரங்களில் வைத்தால் ஒன்று இழந்ததை மற்றது பிடிக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே செய்தியைப் படகின் திசையிலேயே குவிக்கவும் முடியும். படகு ஆடும்போது அந்தத் திசையை விடாமல் பின்தொடர்வதற்கான கணிதமே இப்போது என் மேசையில் இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பகுதி நகரங்களுக்காகவே நடக்கிறது, பணம் அங்கேதான். பேசாலைப் படகை நினைத்துக் கணக்குப் போட பேசாலைக்காரி வேண்டியிருக்கிறது.

நான் உயர்தரம் படித்தபோது கணிதப் பிரிவில் நாங்கள் மூன்று பேர். பௌதிகவியலுக்கு ஒன்றரை வருடம் ஆசிரியர் இல்லை. இந்த வருடம் ஏழு பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை மாலைகளில் இணையவழியாக அவர்களோடு இருக்க நான் தயார். வேறு பாடங்களுக்கு வரக்கூடிய தோழியர், சாப்பாட்டுக்கு எழும்புமுன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.