இன்சுலின் ஊசியும் ரமளான் நோன்பும்

(லாஸ்பேட்டையில், ரமளானுக்கு முன் ஜமாஅத்தாரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. நாட்டின் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினர்க்கு நீரிழிவு உள்ளது. நம் புதுச்சேரியிலோ அது 26.3 சதவீதம், கோவா மட்டுமே 26.4 சதவீதத்துடன் நமக்கு முன்னால் நிற்கின்றது. ஜும்ஆவில் ஒரு ஸஃபில் நாற்பது பேர் நின்றால் பத்துப் பேர் என்பது கணக்கு.

மாத்திரையால் கட்டுப்படாதபோது மருத்துவர் இன்சுலின் எழுதுகின்றார். அப்போது நம்மில் பலர் பின்வாங்குகின்றோம். அதற்கு ஒரு காரணம் பழையது. 1922இல் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்ட காலந்தொட்டு, அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. நம் முன்னோர் தயங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் 1982இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினைத் தயாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004இல் ஈஸ்ட் வழியாகத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று நம் மருத்துவர்கள் எழுதித் தரும் இன்சுலின் இத்தகையதே.

இதனை மாத்திரையாக விழுங்க இயலாதா என வினவுவோர் உண்டு. இன்சுலின் ஒரு புரதம். இரைப்பை அதனை உணவைப் போலச் செரித்துவிடும். ஆகவே தோலுக்கடியில் செலுத்துகின்றோம். மூச்சு வழியாக உறிஞ்சும் இன்சுலினுக்கும் 2024 டிசம்பரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது; இடைவிடாது செலுத்தும் பம்ப்பும் உள்ளது. விலை அதிகம். நம்மில் பெரும்பாலோர்க்குக் குப்பியும் பேனாவுமே போதும் என்பது நம் கருத்து.

இவற்றில் கவனிக்க வேண்டியது அளவு. நம் நாட்டுக் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; பேனாவில் 100 யூனிட். சிரிஞ்சிலும் இரு வகை உண்டு: 40க்கு உரியதன் மூடி சிவப்பு, 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. பேனாவின் மருந்தை உறிஞ்சி, சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை நிரப்பினால் உடலில் ஏறுவது 50 யூனிட்! உயிருக்கே ஆபத்து. மாறி வாங்கினால் எட்டே யூனிட் ஏறும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று வீடே திகைக்கும்.

ஊசியை நாள்தோறும் ஒரே இடத்தில் குத்தலாகாது. தோலடியில் கொழுப்புத் திரண்டு மருந்து சீராக ஏறாது. வயிறு, தொடை என இடம் மாற்றுக. பால் போன்ற கலவை இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுக. பேனாவை அழுத்திய பின் பத்து எண்ணி ஊசியை எடுக்கவும். திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். உறைந்துவிட்டால் அது பயன்படாது.

இனி நோன்பு. ஊட்டச்சத்து அல்லாத ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் 1997இல் தீர்மானித்தது. சோதனைக்காக விரலில் இரத்தம் எடுப்பதும் அவ்வாறே. எனவே பகலில் சோதிக்க அஞ்ச வேண்டியதில்லை. காலை, இரவு என இருவேளை கலவை இன்சுலின் போடுவோர்க்குக் காலை அளவை இஃப்தாரிலும், இரவு அளவைக் கால் முதல் பாதி வரை குறைத்து ஸஹரிலும் தருவது பொது வழக்கம். ஆயினும் அவரவர் அளவை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்; ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே சென்று கேட்பது நன்று.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். மஃக்ரிபுக்கு அரைமணியே உள்ளது எனக் காத்திருத்தல் கூடாது. நோயாளிக்கான சலுகை அல்-பகரா அத்தியாயத்திலேயே உள்ளது. வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துப் பருகி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் எறியாமல் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைக்க வேண்டுகின்றோம். அதிகாலையில் நம் தெருவைக் கூட்ட வருவோர் வெறுங்கையால்தான் குப்பையை அள்ளுகின்றனர்.