மண்ணின் ஈரமும் ஒலியின் வேகமும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மாரி மழையே நமக்கு ஆறும் ஏரியும் ஆகும். அம்மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் காலப்போக்கில் கீழிருந்து 40 அடிக்கு உவர் ஏறும் என்பதும் அக்கணக்கே. குருநகர்க் கரையில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடலருகில் நன்னீர்ப் படை எத்துணை மெல்லியது என்பதை நாவே சொல்லிவிடும்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே நீருக்கு வேலியாய் இருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வேலி இல்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் முறைநாள் வந்ததென்று இறைக்கின்றோமேயன்றி, மண் நீர் கேட்டதா என்று பார்ப்பதில்லை. மிகையாய் இறைத்த நீர் உரத்தின் நைத்திரேற்றைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கே திரும்புகின்றது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியாயின், மண்ணின் ஈரத்தை அறிவது எவ்வாறு? நம் மீனவர் ஒலியை அனுப்பி, எதிரொலியால் கடலின் ஆழத்தை அறிகின்றனர். அவ்வொலியே மண்ணின் ஈரத்தையும் சொல்ல வல்லது. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரும், நீரில் 1500 மீற்றரும் செல்லும். ஆகவே ஈரமண்ணில் ஒலி விரையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நீர் நிறைந்து தேங்காத மேல்மண்ணில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. மண் உலரும்போது எஞ்சிய ஈரம் துணிக்கைகளை ஒன்றோடொன்று இறுகப் பிடிக்கின்றது. இறுகிய மண்ணில் அதிர்வு விரைகின்றது. நனைந்தால் பிடி தளர்கின்றது, அதிர்வும் தாமதிக்கின்றது.

கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தார் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ரிட்ஜ்கிரெஸ்ற் என்னும் வறண்ட நகரில், தொலைத்தொடர்புக்காகப் புதைத்த ஒளியிழைக் கம்பியைக் கொண்டே, வீதியிற் செல்லும் வாகனங்களின் அதிர்வு மண்ணினூடே எவ்வளவு விரைவாகப் பரவுகின்றது என்பதை அளந்து, மேல்மண்ணின் ஈரம் கூடுவதையும் குறைவதையும் அவர்கள் கண்டனர். நிலத்தைத் தோண்டவில்லை, புதிதாய்க் கம்பி பதிக்கவுமில்லை.

எனினும் ஒரு மண்ணுக்குக் கண்ட கணக்கு மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது. நமது செம்மண்ணுக்கும் மணலுக்கும் தனித்தனியே அளவுகோல் வகுத்தல் வேண்டும். அறிவியல் கற்கும் நம் இளைஞர்க்கு இது தக்க பணி.

அக்கருவி நம் தோட்டத்துக்கு வரும்வரை கை வாளாவிருக்க வேண்டுமா? வேரின் ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாய்த் திரண்டு நின்றால் இன்று இறைக்க வேண்டியதில்லை, உதிர்ந்தால் இறையுங்கள். இயந்திரத்தை முடுக்குமுன் மண்ணை ஒரு வார்த்தை கேட்போம். கிணற்றில் மிஞ்சும் ஒவ்வொரு பட்டை நீரும் நம் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் முதுசமாகும்.