பெண்களும் கால் பந்தாட்டமும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பெண்கள் விளையாட்டு என்பதாகும். பந்தாட்டத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் நினைக்கலாம். நான் பந்தை உதைத்துப் பழகியவன் அல்ல. ஆனால் நம் பெண்களை யார் யார் எந்தெந்தப் பெயரால் உதைத்து வருகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்து வந்தவன். அந்த அளவில்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

தென் ஆசிய நாடுகளுக்குள் ஆண்களுக்கென்று கால் பந்துப் போட்டி 1993-ல் ஏற்பட்டது. பெண்களுக்கென்று அப்படி ஒன்று ஏற்பட 2010 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தப் பதினேழு வருஷமும் பெண்களுக்குக் கால் முளைக்காமல் இருந்ததா என்று கேட்கிறேன். கால் இருந்தது. அதை வெளியில் காட்டக் கூடாது என்றும், வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

அந்த முதற்போட்டி வங்காள தேசத்துக் காக்ஸ் பஜாரில் நடந்தது. அதில் இந்தியப் பெண்கள் வெற்றி பெற்றார்கள். பிறகு கொழும்பு, இஸ்லாமாபாத், சிலிகுரி, பிராட்நகர் ஆகிய ஊர்களில் நடந்த நான்கு போட்டிகளிலும் அவர்களே ஜெயித்தார்கள். சிலிகுரிப் போட்டியின் கடைசி ஆட்டம் 2017 ஜனவரியில் நடந்தது. அதில் வங்காள தேசத்துக்கு எதிராக ஒரு கோல் போட்டவர் நம் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் ஆவார். கடலூர்ப் பெண்ணால் முடிந்தது உங்கள் ஊர்ப் பெண்ணால் முடியாதா?

2022-ல் காட்மாண்டுவில் நிலைமை மாறிற்று. வங்காள தேசத்துப் பெண்கள் ஐந்து ஆட்டம் ஆடி 23 கோல் போட்டு, ஒரே ஒரு கோல் மாத்திரம் வாங்கி, கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்த அவர்களைக் கூரையில்லாத பஸ்ஸில் ஏற்றி டாக்கா நகர வீதிகளில் ஊர்வலம் விட்டார்கள். 2024-லும் அதே காட்மாண்டுவில் நேபாளத்தை 2-1 என்று தோற்கடித்து மறுபடியும் ஜெயித்தார்கள். நேபாளப் பெண்களையும் நாம் குறைத்துச் சொல்லிவிட முடியாது. ஏழு போட்டிகளில் ஆறு தடவை கடைசி ஆட்டம் வரையில் வந்து, ஆறு தடவையும் தோற்றும், விதி என்று வீட்டில் உட்காராமல் மறுபடியும் மைதானத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

தோழர்களே! வங்காள தேசத்துப் பெண்களுக்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? ஏதாவது தெய்வம் வந்து வரம் கொடுத்ததா? மைமன்சிங் ஜில்லாவில், மலையடிவாரத்தில், கல்சிந்தூர் என்று ஒரு குக்கிராமம். 2011-ல் அந்நாட்டில் ஆரம்பப் பள்ளிக்கூடச் சிறுமிகளுக்கென்று கால் பந்துப் போட்டி ஏற்படுத்தினார்கள். கல்சிந்தூர் பள்ளிக்கூடத்து ஏழைக் குழந்தைகள் அதில் ஆடிப் பழகினார்கள். அந்த ஒரு கிராமத்திலிருந்தே பல பெண்கள் தேசக் கோஷ்டிக்குப் போனார்கள். பள்ளிக்கூடம், பந்து, சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியர், இவ்வளவுதான் அந்த வரம்.

அந்தக் கோஷ்டியில் இருப்பவர்கள் யார்? முஸ்லிம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். இந்து வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். காரோ ஜாதியைச் சேர்ந்த மரியா மண்டா இருக்கிறார். மலைநாட்டுச் சக்மா ஜாதியைச் சேர்ந்த ரிதுபர்ணா இருக்கிறார். 2024-ல் வெற்றிக் கோலைப் போட்டவர் இவரே. ஒருவர் தள்ளிய பந்தை மற்றொருவர் வாங்கும்போது, தள்ளியவள் என்ன மதம், என்ன ஜாதி என்று கேட்டுக்கொண்டு நின்றால் பந்து எதிரி காலுக்குப் போய்விடும்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். அந்த 2024 வெற்றிக்குப் பிறகு மூன்று மாதங்கூட முழுதாக ஆகவில்லை. 2025 ஜனவரியில் அதே நாட்டில் ஜெய்பூர்ஹாட் ஜில்லாவில் பெண்கள் ஆட்டம் ஒன்று நடக்க இருந்தது. அது மதத்துக்கு விரோதம் என்று ஒரு கூட்டத்தார் வந்து மைதானத்தைச் சுற்றி அடைத்திருந்த தகர வேலியை உடைத்தெறிந்தார்கள். ஆட்டம் நின்றது. கோப்பை கொண்டுவந்தால் தேசத்தின் மானம், நம் ஊர் மைதானத்தில் ஆடினால் மதத்துக்கு அவமானம்! இது என்ன நியாயம்? ஆனாலும் அந்தப் பெண்கள் பயந்து ஒதுங்கவில்லை. அவ்வருஷம் ஜூலையில் பர்மாவுக்கே போய் அந்நாட்டாரைத் தோற்கடித்து, முதல் தடவையாக ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். அன்று இரண்டு கோலும் ரிதுபர்ணா போட்டவை.

2010 போட்டியில் ஆப்கானிஸ்தானப் பெண்களும் வந்து ஆடினார்கள். 2021-ல் தாலிபான்கள் ஆட்சிக்கு வந்தபின், பந்தாடிய குற்றத்துக்காக அப்பெண்கள் உயிருக்குப் பயந்து ஆஸ்திரேலியா முதலிய தேசங்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. அடைந்த உரிமை தானாக நிலைத்து நிற்காது, காவாவிட்டால் பறிபோகும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

இது ஏதோ ஒரு மதத்தின் குற்றம் மாத்திரம் என்று மற்ற மதக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். நாகரிகத்தில் சிறந்ததாகச் சொல்லப்படும் இங்கிலாந்தில் 1920-ல் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மறு வருஷமே, இவ்வாட்டம் பெண்களுக்குத் தகாதென்று சொல்லி, கால் பந்துச் சங்கத்தார் தங்கள் மைதானங்களை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். அத்தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது வருஷமாயிற்று. கால் பந்துக்கே பெயர்போன பிரேசிலில் 1941-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள். ஆகவே மதம் இல்லாத இடத்தில் வைத்தியத்தின் பெயரையும், வைத்தியம் பலிக்காத இடத்தில் நாகரிகத்தின் பெயரையும் சொல்லுவார்கள். பெயர்தான் வேறு. உள்ளே இருப்பது ஆண் எஜமானத்தனம் ஒன்றே.

பந்தாடினால் பெண்ணின் உடம்பு கெட்டுவிடும் என்கிறார்கள். விறகு சுமந்தால் கெடாதா? நாற்று நடக் குனிந்தே நின்றால் கெடாதா? கைக்குழந்தையோடு செங்கல் சூளையில் மண் மிதித்தால் கெடாதா? கூலிக்கும் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் கெடாத உடம்பு, அவள் தன் சந்தோஷத்துக்காக ஒரு மணி நேரம் ஓடினால் மாத்திரம் கெட்டுவிடும் என்றால், இவர்கள் கவலை உடம்பைப் பற்றியதல்ல. ஓடிப் பழகியவள் அடித்தால் வாங்கிக்கொண்டு நிற்க மாட்டாள் என்ற பயந்தான்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த வாசகசாலைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் இருக்கிறது. சாயங்காலத்தில் பையன்கள் ஆடுகிறார்கள், அவர்கள் தங்கைகள் வேலி ஓரத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறார்கள். நான் வரும்போது பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் அந்த மைதானத்தைப் பெண் குழந்தைகளுக்கு விடுவதென்று இன்றைக்கே தீர்மானம் செய்யுங்கள். தாய்மார்களே! உங்கள் பெண்ணை நாளைக்கே அனுப்புங்கள். அந்த இரண்டு நாளும் தண்ணீர்ச் செம்பைப் பையன்கள் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.